லென்ஸ்ல தண்ணி கம்மியா இருந்தா கண்ணுக்கு எப்படி நல்லது?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான். இவ்ளோ நாளா 58% தண்ணி இருக்குற சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் (கண்ணுக்குள்ளயே வைக்கிறது) போட்டுட்டு இருந்தாராம், இப்போ டாக்டர் சிலிக்கான் ஹைட்ரோஜெல்னு ஒண்ணுக்கு மாத்திட்டாராம், டப்பாவ பாத்தா தண்ணி 38%தான்னு போட்டிருக்காம். தண்ணி குறைஞ்சா கண்ணு காயாதாங்கிறது முதல் கேள்வி. லென்ஸ ராத்திரி ஊற வைக்க சொல்யூஷன்னு விக்கிறது உப்புத்தண்ணிதானே, சலைன் வாங்கி ஊத்தி வச்சா ஆகாதாங்கிறது ரெண்டாவது. பெராக்சைடுங்கிற இன்னொரு வகை சொல்யூஷனோட பாட்டில் முனை மட்டும் ஏன் சிவப்பா இருக்குன்னு போற போக்குல மூணாவதா ஒண்ணு கேட்டிருக்கார்.

நான் கண் டாக்டர் இல்ல, பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரி நீளச் சங்கிலி மூலக்கூறு) வேதியியல் படிச்ச ஆளு, கூடவே பல வருஷமா லென்ஸ் போடுறவன். அதனால எந்த லென்ஸ் உங்களுக்கு சரின்னு சொல்ல மாட்டேன், அத உங்க டாக்டர்தான் சொல்லணும், ஆனா இந்த 38% விஷயத்துல அவர் சொன்னது ஏன் சரின்னு சொல்லலாம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல கார்னியா பத்தி ஒரு விஷயம். கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்குற அந்த படலத்துல ரத்தக்குழாயே கிடையாது, இருந்தா அதுக்குள்ள பார்க்க முடியாதே. அப்போ ஆக்சிஜன் எங்கேர்ந்து வரும்னா நேரா காத்துலேர்ந்து, கண்ணீர்ல கரைஞ்சு உள்ள போகுது. தூங்கும்போது இமை மூடிக்கிறதால காத்து கிடையாது, இமையோட உள்பக்கம் இருக்குற ரத்தக்குழாய்கள்லேர்ந்து கசியுறதுதான், அது கண்ணு தொறந்திருக்கும்போது கிடைக்குறதுல மூணுல ஒரு பங்கு அளவுதான். இப்போ அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் மூடிய போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஆக்சிஜன் பத்தலேன்னா லாக்டிக் அமிலம் சேரும், அது தண்ணிய உள்ள இழுக்கும், கார்னியா உப்பும், ரொம்ப நாள் இப்படியே ஓட்டினா ஓரத்துலேர்ந்து புது ரத்தக்குழாய் உள்ள வளர ஆரம்பிச்சிடும். லென்ஸ் கெமிஸ்ட்ரில பாதிக்கு மேல இந்த ஒரு பிரச்சனையோட மல்லுக்கட்டினதுதான்.

ஆரம்பத்துல, 1880கள்ல, கண்ணாடியத்தான் ஊதி லென்ஸா கண்ணுக்குள்ள வச்சாங்க, அத யாரும் ரொம்ப நேரம் தாங்கினதில்ல. 1948ல கெவின் டூஹின்னு ஒருத்தர் கார்னியாவ மட்டும் மூடுற மாதிரி சின்னதா பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக்ல பண்ணாரு. பி.எம்.எம்.ஏ.ன்னா வேற ஒண்ணும் இல்ல, பெர்ஸ்பெக்ஸ், அக்ரிலிக் ஷீட்னு சொல்வோமே அதேதான். பளிச்சுன்னு தெரியும், உடையாது, கண்ணுக்கு ஒத்துக்கும், ஆனா அதுக்குள்ள ஆக்சிஜன் போகவே போகாது. ஒவ்வொரு தடவ கண்ண சிமிட்டும்போதும் லென்ஸ் ஆடுறப்போ அடியில புதுக் கண்ணீர் புகுந்து வரும் பாருங்க, அத வச்சுதான் கார்னியா பிழைச்சுது.

சாஃப்ட் லென்ஸ் கதை ப்ராக்ல ஆரம்பிக்குது, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ஓட்டோ விக்டெர்லேன்னு ஒரு செக் வேதியியலாளர், கூட ட்ரஹோஸ்லாவ் லிம், ரெண்டு பேரும் ஹெமா, அதாவது ஹைட்ராக்சி எத்தில் மெத்தாக்ரிலேட்ட வச்சு தண்ணிய உறிஞ்சி மெத்துனு ஆகுற ஒரு ஜெல் செஞ்சாங்க, ஹைட்ரோஜெல்ங்கிறது இதுதான். 1960ல நேச்சர் இதழ்ல அது வந்துச்சு. பி.எம்.எம்.ஏ.வுக்கும் இதுக்கும் மூலக்கூறுல வித்தியாசம் ரொம்ப கம்மி, பக்கவாட்டுல தொங்குற மெத்தில் இருந்த எடத்துல நுனியில ஓ.ஹெச். (ஒரு ஆக்சிஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு) இருக்குற ஒரு சின்ன வால், அவ்ளோதான். ஆனா அந்த ஓ.ஹெச். தண்ணிய கூப்பிட்டு உக்கார வைக்கும். கல்லு மாதிரி இருந்தது 38% தண்ணிய குடிச்சிட்டு ஜவ்வு மாதிரி ஆயிடும். கரைஞ்சு ஓடிடாம இருக்க சங்கிலிகளுக்கு நடுவுல அங்கங்க குறுக்குப் பாலம் போட்டு கட்டிடுவாங்க. பொருள் கிடைச்சிடுச்சு, ஆனா அத லென்ஸ் வடிவத்துக்கு கொண்டு வர முடியல, அச்சுல ஊத்தி எடுத்தா ஓரம் கிழிஞ்சுது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்துல இந்த மனுஷன் வீட்டு சமையலறைல உக்காந்து, பசங்க வெளையாடுற மெக்கானோ மாதிரி மெர்கூர்னு ஒரு செட், ஒரு சைக்கிள் டைனமோ, இத வச்சு ஒரு சுத்துற மிஷின் கட்டி, சுத்துற அச்சுல திரவத்த விட்டு அப்படியே இறுக வச்சு முதல் நல்ல லென்ஸ்கள எடுத்தாரு. அந்த உரிமை கைமாறி பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனி கிட்ட போய், 1971ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கிடைச்சு, அதுக்கப்புறம்தான் சாஃப்ட் லென்ஸ் உலகம் பூரா போச்சு.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். ஹெமா மாதிரி ஹைட்ரோஜெல்ல ஆக்சிஜன் பிளாஸ்டிக் வழியா போகல, அதுக்குள்ள இருக்குற தண்ணில கரைஞ்சு தண்ணி வழியாத்தான் போகுது. அதனால அந்தக் காலத்துல "தண்ணி ஜாஸ்தின்னா ஆக்சிஜன் ஜாஸ்தி"ங்கிறது உண்மை. மெத்தாக்ரிலிக் அமிலம், என்.வி.பி. மாதிரி தண்ணிய இழுக்குற பொருள்கள சேர்த்து தண்ணிய 55, 60, 70%னு ஏத்திக்கிட்டே போனாங்க, உங்க பழைய 58% லென்ஸ் அந்தப் பரம்பரைதான். ஆக்சிஜன் எவ்ளோ சுலபமா ஊடுருவுதுங்கிறத டிகேன்னு ஒரு எண்ணால சொல்வாங்க, சாதா ஹெமாவுக்கு அது 8, 10 அளவு, 58% லென்ஸுக்கு 20 சொச்சம். சுத்தத் தண்ணிக்கே எவ்ளோ தெரியுமா? சுமார் 80.

இங்கதான் முட்டுது. 1984ல ஹோல்டன், மெர்ட்ஸ்னு ரெண்டு பேர் அளந்து சொன்னது என்னன்னா, பகல்ல மட்டும் போட்டா டிகேவ தடிமனால வகுத்தது 24 ஆவது இருக்கணும், ராத்திரியும் போட்டுத் தூங்கணும்னா 87 வேணும். லென்ஸ் தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க, அப்போ இந்த வகுத்த எண்ணும் டிகேவும் ஒரே எண்ணாத்தான் வரும். அதாவது முழுக்க முழுக்க தண்ணியாலேயே ஒரு லென்ஸ் பண்ண முடிஞ்சா கூட 80தான், 87ஐ தொடாது! தண்ணிய ஏத்தி ஏத்தி இந்த ஆட்டத்த ஜெயிக்கவே முடியாது. அதுவும் இல்லாம தண்ணி ஜாஸ்தி ஆக ஆக லென்ஸ் கிழியும், அதுக்காக தடியா பண்ணணும், தடியா பண்ணா ஆக்சிஜன் குறையும். இன்னொண்ணு, காத்துபட்டு காயும்போது அந்த லென்ஸ் தன்கிட்ட இருக்குற தண்ணிய விட்டுட்டு கண்ணீர்லேர்ந்து உறிஞ்சப் பார்க்கும். தண்ணி ஜாஸ்தியா இருக்குற லென்ஸ் கண்ண ஈரமா வச்சிருக்கும்னு நாம நினைக்கிறோம், சாயங்காலம் ஏசி ரூம்ல அது நேர்மாறா நடக்குறது நெறைய பேருக்கு அனுபவத்துல தெரியும்.

வேற வழி என்னன்னு பாத்தா சிலிக்கான். சிலிக்கான் ரப்பர்ல சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாத்தி மாத்தி வர்ற சங்கிலி ரொம்ப தளதளன்னு ஆடிக்கிட்டே இருக்கும், நடுவுல சந்து பொந்து நெறைய, ஆக்சிஜன் சர்ருனு போயிடும், டிகே பல நூறுல இருக்கும். அப்புறம் என்ன, அதையே லென்ஸா பண்ணிட வேண்டியதுதானேன்னா, பண்ணாங்க. ரெண்டு வினை வந்துச்சு. ஒண்ணு, சிலிக்கானுக்கு தண்ணின்னா ஆகாது, கண்ணீர் அதுமேல பரவாது, சேம்பிலை மேல தண்ணி விட்ட கதைதான், ஆனா எண்ணெய்ப்பசைய மட்டும் வா வான்னு கூப்பிட்டு ஒட்டிக்கும். ரெண்டாவது இன்னும் மோசம், லென்ஸ் போய் கண்ணுல ஒட்டிக்கிட்டு வர மாட்டேன்னுடுச்சு. காரணம் என்னன்னா லென்ஸ் வழியா கொஞ்சமாவது தண்ணியும் உப்போட அயனிகளும் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போகணும், அப்போதான் லென்ஸுக்கு அடியில ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் நிக்கும், லென்ஸ் நகரும். சிலிக்கான் ரப்பர்ல அது நடக்காது. (அதுக்கு நடுவுல சிலிக்கானையும் ஃப்ளூரினையும் அக்ரிலேட்டோட கலந்து ஆக்சிஜன் போற ஹார்டு லென்ஸ், ஆர்.ஜி.பி.ன்னு ஒரு கிளை தனியா போச்சு, அது இன்னிக்கும் அருமையான லென்ஸ், பழகத்தான் ரெண்டு வாரம் உயிர் போகும்.)

ஆக, ஆக்சிஜனுக்கு சிலிக்கான் வேணும், தண்ணிக்கும் அயனிக்கும் ஹைட்ரோஜெல் வேணும். ரெண்டையும் ஒண்ணா கலந்தா எண்ணெயும் தண்ணியும் மாதிரி பிரிஞ்சு பால் மாதிரி வெள்ளையாயிடும். இந்த கலவைய கண்ணாடி மாதிரி தெளிவா கொண்டு வர்றதுக்குத்தான் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சிலிக்கான் மோனோமர்லயே, அதாவது சங்கிலிய கட்டுற சின்ன மூலக்கூறுலயே, தண்ணிய விரும்புற துண்டுகள ஒட்ட வச்சு, ரெண்டும் முழுசா பிரியாம, ஆனா முழுசா கலக்கவும் செய்யாம, ஒளியோட அலைநீளத்த விட ரொம்ப சின்ன அளவுல பின்னிப் பிணைஞ்சு கெடக்குற மாதிரி செஞ்சாங்க. சிலிக்கான் வழி ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கம் வரைக்கும் அறுபடாம போகணும், தண்ணி வழியும் அதே மாதிரி அறுபடாம போகணும். ஒரே லென்ஸுக்குள்ள ரெண்டு தனித்தனி குழாய் லைன் மாதிரி. அப்படி 1999 வாக்குல ப்யூர்விஷன், ஃபோகஸ் நைட் அண்ட் டேன்னு ரெண்டு லென்ஸ் கடைக்கு வந்துச்சு. நைட் அண்ட் டேல தண்ணி வெறும் 24%, டிகே 140. தண்ணி குறையக் குறைய சிலிக்கான் பங்கு கூடுது, ஆக்சிஜன் ஏறுது, பழைய கணக்கு அப்படியே தலைகீழா மாறிடுச்சு. உங்க டப்பால 38%னு பாத்து பயந்தீங்களே, அது பழைய கணக்க மனசுல வச்சுக்கிட்டு பாத்ததால வந்த பயம்.

அப்போ காய்ஞ்சு போகாதான்னா, அது உள்ள எவ்ளோ தண்ணி இருக்குங்கிறதுல இல்ல, மேற்பரப்பு எப்படி இருக்குங்கிறதுல இருக்கு. சிலிக்கானோட கெட்ட குணம், சங்கிலி தளர்வா இருக்குறதால காத்து பட்டவுடனே உருண்டு மேல வந்து நிக்கும், மேற்பரப்பு எண்ணெய்ப்பசையா ஆயிடும். முதல் தலைமுறைல இதுக்கு பிளாஸ்மா சிகிச்சை, அதாவது மின்சாரம் ஏத்தின வாயுவ மேற்பரப்புல பட வைக்கிறது, குடுத்தாங்க, நைட் அண்ட் டேல 25 நானோமீட்டர் தடிமன்ல ஒரு பூச்சு. ஆனா அந்த லென்ஸ் கொஞ்சம் விறைப்பு, சிலருக்கு மேல் இமைக்கடியில கார்னியாவ உரசிப் புண்ணாக்குச்சு. அடுத்து 2004ல அக்யூவ்யூ அட்வான்ஸ்ங்கிற லென்ஸ்ல பூச்சே வேண்டாம்னு பி.வி.பி.ங்கிற தண்ணி பிடிக்கிற நீளமான பாலிமர லென்ஸுக்குள்ளயே கலந்து விட்டாங்க, அது மேற்பரப்பு வரைக்கும் வந்து சிலிக்கான மூடிக்கும். அடுத்த வருஷம் வந்த ஒயாசிஸ் அதே வழிதான், 38% தண்ணி, டிகே 103. உங்க டப்பால இருக்குற எண்ணும் அதே 38தான், ஆனா ஐம்பது வருஷம் முந்தின ஹெமாவுலயும் அதே 38%தான் இருந்துச்சு! ஒரே தண்ணி அளவு, ஆக்சிஜன் பத்து மடங்குக்கு மேல. இதுக்கப்புறம் வந்ததுல எனக்கு ரொம்ப அழகா தோணினது டெய்லீஸ் டோட்டல் ஒன். நடுவுல 33% தண்ணி, வெளிப்பக்கம் போகப் போக ஏறி மேற்பரப்புல 80%க்கு மேல. கார்னியா பக்கமும் இமை பக்கமும் தண்ணி, நடுவுல சிலிக்கான். நம்ம செல் சவ்வுல இருக்குற பாஸ்போரில்கோலின்ங்கிற தலைப்பகுதிய காப்பியடிச்சு லென்ஸ்ல வைக்கிற வழியும் இருக்கு, உடம்பு அத அந்நியப் பொருளா பாக்காது, புரதம் ஒட்டுறது குறையும்.

இவ்ளோ பண்ணியும் ஒரு ஏமாற்றம், இத லென்ஸ் விளம்பரத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. ஆக்சிஜன் பிரச்சனைய தீர்த்தா கண் தொற்றும் குறையும்னு எல்லாரும் நம்பினாங்க. 1989ல அமெரிக்காவுல எடுத்த ஒரு கணக்குல ராத்திரியும் லென்ஸோட தூங்குறவங்கள்ல வருஷத்துக்கு 10,000 பேருக்கு சுமார் 21 பேருக்கு கார்னியால தொற்றுப் புண், பகல்ல மட்டும் போடுறவங்கள்ல 4 பேருக்கு. சிலிக்கான் ஹைட்ரோஜெல் வந்தப்புறம் 2008ல ஆஸ்திரேலியாவுல வெளியான கணக்குல, அந்த லென்ஸ போட்டுக்கிட்டே தூங்குறவங்களுக்கு 10,000க்கு சுமார் 25. குறையவே இல்ல! கார்னியா மூச்சு விடுது, உப்பல, சிவக்கல, ஆனா கிருமிக்கு அதெல்லாம் கணக்கே இல்ல. அதனால புது லென்ஸ் வாங்கிட்டேன்னு அதோட தூங்கிடாதீங்க, தூங்குறது டாக்டர் சொன்னா மட்டும்.

கிருமின்னு சொன்னதும் சொல்யூஷன் பேச்சு வந்துடுது. சலைன் போதாதான்னு கேட்டீங்க. போதாது, கிட்டக்க கூட வராது. சலைன்ல உப்பும், அமிலத்தன்மை மாறாம பாத்துக்கிற பஃபரும் இருக்கும், லென்ஸ அலசலாம், கிருமிய கொல்றதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. 1980கள்ல அமெரிக்காவுல உப்பு மாத்திரைய வாங்கி வீட்லயே தண்ணில கரைச்சு சலைன் பண்ணிக்கிற பழக்கம் இருந்துச்சு, அதுல அகந்தமீபாங்கிற தண்ணி அமீபா புகுந்து கார்னியாவ அரிச்ச கேஸ்கள் வரிசையா வந்துச்சு. அந்த அமீபா சும்மா இருக்காது, ஆபத்துன்னு தெரிஞ்சா ரெட்டைச் சுவர் ஓடு கட்டிக்கிட்டு உள்ள உக்காந்துக்கும். குழாய்த் தண்ணில லென்ஸ காட்டவே கூடாதுன்னு சொல்றது அதுக்குத்தான்.

சொல்யூஷன் பண்றவனுக்கு இருக்குற தலைவலி என்னன்னா பாக்டீரியாவ கொல்லணும், அடுத்த நாள் காலைல அதே லென்ஸ் கார்னியா மேல உக்காரும்போது கார்னியா செல்ல கொல்லக் கூடாது. அதுவும் ஹார்டு லென்ஸா இருந்தா வெளில தொடச்சு விட்டுடலாம், சாஃப்ட் லென்ஸ் பஞ்சு, ராத்திரி பூரா மருந்த குடிச்சிட்டு பகல் பூரா கண்ணுக்குள்ள கக்கும். ஹார்டு லென்ஸுக்கு ஓடிட்டிருந்த பென்சால்கோனியம் குளோரைடுங்கிற கிருமிநாசினி இதனாலேயே சாஃப்ட் லென்ஸுக்கு ஆகல. 1970கள்ல தைமெரோசால்னு பாதரசம் இருக்குற ஒண்ண போட்டாங்க, நெறைய பேருக்கு அலர்ஜி, கண்ணு செவசெவன்னு ஆச்சு. ஒரு சிலர் தினமும் லென்ஸ வேக வச்சுக்கிட்டு இருந்தாங்க, நெஜமாவே, சூடுபண்ற பெட்டி வித்தாங்க, ஒட்டியிருந்த புரதமெல்லாம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெந்து லென்ஸ்லயே கெட்டியா பிடிச்சுக்கும்.

அப்புறம் வந்த யோசனை எளிமையானது, மருந்து மூலக்கூற பெருசா பண்ணிட்டா லென்ஸோட துவாரத்துக்குள்ள சுலபத்துல நுழையாது. பாலிகுவாட், பி.ஹெச்.எம்.பி. ரெண்டும் அப்படித்தான், நீளமான சங்கிலி, நெடுக பாசிடிவ் சார்ஜ். பாக்டீரியாவோட மேல்தோல் நெகடிவ், போய் ஒட்டி, சவ்வ கிழிச்சு உள்ளிருக்குறத கொட்ட வச்சிடும். பி.ஹெச்.எம்.பி. எவ்ளோ போடுவாங்கன்னா 1 பிபிஎம் அளவு, பத்து லட்சத்துல ஒரு பங்கு. இப்போ யோசிங்க, உங்க பழைய 58% லென்ஸ்ல மெத்தாக்ரிலிக் அமிலம் இருக்குன்னா அதுவும் நெகடிவ். கண்ணீர்ல இருக்குற லைசோசைம் புரதம் பாசிடிவ், அது போய் லென்ஸ்ல அப்பிக்கும், சொல்யூஷன்ல இருக்குற பாசிடிவ் மருந்தும் பாக்டீரியாவ விட்டுட்டு லென்ஸ் மேல போய் ஒட்டிக்கும். கிருமிய கொல்ல மிச்சம் இருக்குறது குறைஞ்சிடும். சிலிக்கான் லென்ஸ்ல கதை வேற, புரதம் கம்மி, கொழுப்பு ஜாஸ்தி, அதனால இப்போ வர்ற சொல்யூஷன்ல சோப்பு மாதிரி கொழுப்ப கழட்டுற சர்பாக்டன்ட்டுக்கு ரொம்ப முக்கியத்துவம். லென்ஸ் மாத்தினா பழைய சொல்யூஷனே போதுமான்னு டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொல்றது இதனாலதான்.

இதுல நடந்த பெரிய அடி 2006. பாஷ் அண்ட் லாம்போட ரெனு மாய்ஸ்ச்சர்லாக்னு ஒரு சொல்யூஷன், அலெக்சிடின்ங்கிற மருந்து, கூடவே லென்ஸ் ஈரமா இருக்க ஒரு பாலிமர். லேப் டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனா ஃப்யூசேரியம் பூஞ்சைத் தொற்று பல நாட்டுலேர்ந்து வர ஆரம்பிச்சு, அந்த வருஷம் மே மாசம் உலகம் பூரா கடையிலேர்ந்து எடுத்துட்டாங்க. பின்னாடி சோதிச்சப்போ, பாட்டில் சூட்டுல இருந்தா அலெக்சிடினோட அளவு குறையுது, சொல்யூஷன் காயும்போது அந்த ஈரப்பத பாலிமர் பூஞ்சைக்கு போர்வை மாதிரி ஆகுதுன்னெல்லாம் தெரிஞ்சுது. அதோட நம்ம பழக்கமும் ஒண்ணு, நேத்து டப்பால இருந்தத கொட்டாம மேலயே கொஞ்சம் ஊத்திக்கிறது. அடுத்த வருஷமே கம்ப்ளீட் மாய்ஸ்ச்சர்ப்ளஸ்னு வேற கம்பெனி சொல்யூஷன் அகந்தமீபா தொற்றால திரும்பப் பெறப்பட்டுச்சு. அந்தக் காலத்து தரச் சோதனைல மூணு பாக்டீரியா, ஒரு ஈஸ்ட், ஒரு பூஞ்சை, அவ்ளோதான், பாக்டீரியாவ ஆயிரத்துல ஒண்ணாக்கணும், பூஞ்சைய பத்துல ஒண்ணாக்கினா போதும், அமீபா அந்த லிஸ்ட்லயே கிடையாது. டெஸ்ட் பாஸ்னா என்ன அர்த்தம்னு பாத்துக்கங்க. விரல்ல தேய்ச்சு அலசுறது ஏன் முக்கியம்னும் இதுல புரியும், மருந்து செய்யாத பாதி வேலைய தேய்க்கிறதுதான் செய்யுது.

கடைசியா பெராக்சைடு. 3% ஹைட்ரஜன் பெராக்சைடுன்னா 30,000 பிபிஎம், மேல சொன்ன 1 பிபிஎம்மோட வச்சுப் பாருங்க. இது நுணுக்கமெல்லாம் பாக்காது, கண்டதையும் ஆக்சிஜனேற்றம் பண்ணி எரிச்சிடும், கண்ணையும் சேர்த்து. அதனால அதோட கூட வர்ற உயரமான டப்பாக்குள்ள பிளாட்டினம் பூசின ஒரு வட்டு இருக்கும், அது பட்டதும் பெராக்சைடு தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடையும், குமிழி வர்றது அதுதான், மூடில ஓட்டை வச்சிருக்குறதும் அந்த ஆக்சிஜன் வெளிய போகத்தான். சாதாரண தட்டை டப்பால ஊத்தினா வட்டு கிடையாது, காலைலயும் பெராக்சைடாவே இருக்கும். ஆறு மணி நேரம் முழுசா விடணும். வட்டு பழசானா வேகம் குறையும், அதனாலதான் ஒவ்வொரு பாட்டிலோடயும் புது டப்பா வைக்கிறாங்க, பழசு நல்லாத்தானே இருக்குன்னு வச்சுக்காதீங்க. முழுசா உடைஞ்சப்புறம் அதுல கிருமிநாசினி எதுவும் மிச்சம் இருக்காது, உப்புத்தண்ணிதான், அதனால ஒரு வாரம் லென்ஸ அதுலயே மறந்து விட்டா திரும்ப ஒரு ரவுண்டு புதுசா போட்டுத்தான் கண்ணுல வைக்கணும். அலர்ஜி கண்ணுக்காரங்களுக்கு மருந்து எதுவும் மிச்சம் இல்லாத இதுதான் என் கணக்குல நல்ல வழி.

சிவப்பு முனை அதுக்குத்தான், சலைன்னு நினைச்சு கண்ணுல நேரா விட்டுடாம இருக்க. தூக்கக் கலக்கத்துல நான் ஒரு தடவ விட்டிருக்கேன், மிளகாய்ப் பொடி எல்லாம் பக்கத்துலயே வராது. அப்படி ஆச்சுன்னா லென்ஸ உடனே கழட்டி, சலைன் கைல இருந்தா அதாலயும் இல்லேன்னா அந்த ஒரு சமயத்துக்கு மட்டும் குழாய்த் தண்ணியாலயும் பல நிமிஷம் விடாம அலசிட்டு டாக்டர்கிட்ட போங்க, அன்னிக்கு திரும்ப லென்ஸ் போடாதீங்க.